இந்த வரிய ஏற்கெனவே எங்கயோ படிச்சிருக்கேனே

ஷேக்ஸ்பியரோட ட்வெல்ஃப்த் நைட் நாடகத்துல மூணாவது அங்கம், முதல் காட்சி. வயோலா ஆம்பள வேஷத்துல செசாரியோங்கற பேர்ல சுத்திட்டு இருக்கா, அவள நிஜ ஆம்பளன்னு நம்பி ஒலிவியாவுக்குக் காதல் வந்துடுச்சு, என்னப் பத்தி என்னதான் நினைக்குற சொல்லுன்னு விடாம நெருக்குறா. அந்த இக்கட்டுல வயோலா சொல்ற பதில் 'ஐ ஆம் நாட் வாட் ஐ ஆம்'. எதுவா நான் இருக்கேனோ அது நான் இல்ல. பொய்யும் சொல்லக்கூடாது, வேஷமும் கலையக்கூடாதுன்னு தவிக்கிற ஒரு பொண்ணோட வார்த்தை அது. அப்பறம் ஒத்தெல்லோவ எடுத்தா முதல் காட்சிலயே இயாகோ ரோடரிகோகிட்ட பேசுறான், மனசுல இருக்கறத வெளில காட்டினா காக்கா வந்து கொத்திட்டுப் போயிடும், அதனால காட்ட மாட்டேன்னு சொல்லிட்டு கடைசியா ஒரு வரி போடுறான், 'ஐ ஆம் நாட் வாட் ஐ ஆம்'. ஒரு எழுத்துகூட மாறல.

ட்வெல்ஃப்த் நைட் நடந்ததுக்குக் கிடைக்குற முதல் பதிவு 1602 பிப்ரவரி, ஒத்தெல்லோவுக்கு 1604 நவம்பர். அதாவது கிட்டத்தட்ட ஒரே காலகட்டத்துல அதே ஆறு சொல்ல ஒரு தடவ நல்லவ வாயில வெச்சிருக்காரு, இன்னொரு தடவ உலக நாடகத்துலயே மோசமான ஒருத்தன் வாயில வெச்சிருக்காரு. வயோலா சொல்லும்போது நமக்கு அவ மேல பாவமா இருக்கு, இயாகோ சொல்லும்போது முதுகுத்தண்டு சில்லுன்னு ஆகுது. இத கவனிச்சதுலருந்து எனக்கு ஒரே பித்து, இந்த மனுஷன் வேற எந்த எந்த வரிய இப்படி மறுபடி எடுத்து வேற ஆளுக்குக் குடுத்திருக்காருன்னு தேடிட்டே இருக்கேன், அதப் பத்திதான் இந்தப் பதிவு.

இந்தத் தேடல் புதுசு இல்ல. மேரி கவ்டன் கிளார்க்னு ஒரு அம்மா 1829ல ஆரம்பிச்சு, ஷேக்ஸ்பியர் நாடகங்கள்ல வர்ற ஒவ்வொரு சொல்லும் எங்க எங்க வருதுன்னு கையாலயே சொல்லடைவு தயார் பண்ணாங்க. 1844, 45ல அது மாசாமாசம் பகுதி பகுதியா அச்சாகி வந்துச்சு, மொத்தத்துல பதினாறு வருஷ உழைப்பு. அதுல கவிதைகள சேர்க்கல, கவிதைகளுக்குத் தனியா அமெரிக்காவுல ஹெலன் கேட் ஃபர்னஸ்னு இன்னொரு அம்மா 1870கள்ல ஒண்ணு போட்டாங்க. 1894ல ஜான் பார்ட்லெட் நாடகம் கவிதை ரெண்டையும் சேர்த்துப் பெருசா கொண்டு வந்தாரு, அதுலயும் அவரு மனைவியோட உழைப்பு இருக்கு. நாம இப்போ ஒரு பட்டன் தட்டி ரெண்டு நொடில பார்க்கறத இவங்க மை தொட்டு எழுதி எழுதி சேர்த்திருக்காங்க. மேரி அம்மாவ நினைச்சா எனக்கு உண்மையிலேயே கை கூப்பத் தோணும்.

இப்போ கம்ப்யூட்டர்ல எப்படி பண்றதுன்னா, நாடகங்கள எல்லாம் டெக்ஸ்ட் ஃபைலா எடுத்துக்கணும், அமெரிக்காவுல இருக்கற ஃபோல்ஜர்ங்கற ஷேக்ஸ்பியர் லைப்ரரி இலவசமாவே குடுக்குறாங்க. அப்பறம் ஒவ்வொரு வாக்கியத்தையும் நாலு நாலு சொல்லா வெட்டணும், முதல் நாலு, அடுத்து ரெண்டாவது சொல்லுலருந்து நாலு, இப்படியே நகர்ந்துட்டே போகணும். எந்த நாலு சொல் கூட்டம் ஒண்ணுக்கு மேல நாடகத்துல வருதோ அத தனியா பட்டியல் போடணும். கோட் எழுதத் தெரியலன்னா ஆன்ட்கான்க் மாதிரி இலவச டூலே இருக்கு. முதல் தடவ ரன் பண்ணா வர்றது முழுக்க சக்கை. 'ஐ டூ பிசீச் யூ', 'வித் ஆல் மை ஹார்ட்' மாதிரி அந்தக் காலத்துல எல்லாரும் தினம் பேசினதுதான் மேல வந்து நிக்கும். பாத்திரங்களோட பேரையும் மேடைக் குறிப்பையும் எடுக்காம விட்டா ராஜா உள்ள வர்றாரு, எல்லாரும் வெளிய போறாங்கங்கறதே நூத்துக்கணக்குல வந்து நிக்கும்.

அதனால நான் தலைகீழா பார்க்க ஆரம்பிச்சேன். நிறைய நாடகத்துல வர்றத தூக்கிட்டு, ரெண்டே ரெண்டு நாடகத்துல மட்டும் வர்றத மட்டும் வெச்சுக்கிட்டேன். அங்கதான் விஷயம் இருக்கு. இதுல ஒண்ணு ரொம்ப முக்கியம், இந்த டூல்ஸ்ல ஸ்டாப்வேர்ட்ஸ்னு ஒரு பட்டியல் இருக்கும், நான், நீ, இல்ல, என்ன மாதிரி சின்னச் சொற்களுக்கு அர்த்தம் இல்லன்னு தானாவே ஒதுக்கிடும். வோயன்ட் டூல்ஸ்ல அது ஆரம்பத்துலயே ஆன்லதான் இருக்கும். மேல சொன்ன வயோலா வரிய பாருங்க, ஐ, ஆம், நாட், வாட், ஐ, ஆம், மொத்தமும் அந்தப் பட்டியல்ல இருக்கற சொல்தான். அந்த வடிகட்டிய போட்டா ஷேக்ஸ்பியரோட ஆகச்சிறந்த எதிரொலி ஒண்ணு மொத்தமா காணாம போயிடும். பெரிய பெரிய அலங்காரச் சொல் இருந்தாதான் ஒருத்தரோட முத்திரைன்னு நினைக்கறது தப்பு. அவரு சாதாரண சின்னச் சொற்கள வெச்சே முடிச்சுப் போடுறவரு.

அடுத்தது, திரும்ப வர்றது எல்லாமே அவரோட சொந்தம்னு எடுத்துக்கக்கூடாது. இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் ஒண்ணு இருக்கு. டைட்டஸ் ஆன்ட்ரோனிகஸ்ல ஒருத்தன் சொல்றான், அவ ஒரு பொண்ணு, அதனால அவளக் காதலிக்கலாம், அவ ஒரு பொண்ணு, அதனால அவள ஜெயிக்கலாம். ஆறாம் ஹென்றி முதல் பாகத்துல சஃபக் சொல்றான், அவ அழகி, அதனால காதலிக்கப்பட வேண்டியவ, அவ பொண்ணு, அதனால ஜெயிக்கப்பட வேண்டியவ. மூணாம் ரிச்சர்டுல லேடி ஆன்ங்கறவள மயக்கிட்டு ரிச்சர்ட் கேக்குறான், இப்படி ஒரு நிலைமைல எந்தப் பொண்ணாவது காதலிக்கப்பட்டிருக்காளா, எந்தப் பொண்ணாவது ஜெயிக்கப்பட்டிருக்காளா. சானெட்னு அவரு எழுதின பதினாலு வரிக் கவிதைகள்ல 41ஆவதுலயும் அதே அச்சு, அங்க பொண்ணுக்குப் பதிலா ஒரு இளைஞன். 'வூட்' (காதலிக்கப்பட்ட), 'வன்' (ஜெயிக்கப்பட்ட) ரெண்டு சொல்லும் ஜோடியா மூணு நாடகத்துல நிக்குது, சானெட்ல அந்த அச்சுல 'வன்' மட்டும் அப்படியே இருக்கு, ஆஹா இதுதான் ஷேக்ஸ்பியரோட கைரேகைன்னு யாருக்கும் தோணும். ஆனா அதே காலத்துல எழுதின ராபர்ட் கிரீனோட கதைகள்லயும் இதே அச்சு வருது, அது அப்போ ஊர் வாயில இருந்த பழமொழி. அதுபோக டைட்டஸ்ல அந்தக் காட்சிய ஜார்ஜ் பீல்ங்கற இன்னொரு நாடகாசிரியர் எழுதினாருன்னு நிறைய ஆய்வாளர்கள் சொல்றாங்க, ஆறாம் ஹென்றி முதல் பாகத்துலயும் பல பேரோட கை இருக்கு. ஆக இந்த எதிரொலி ஒரு ஆளோடது இல்ல, ஒரு காலத்தோடது. ஆனாலும் ரிச்சர்ட் அத எடுத்து கேள்வியா மாத்துறான் பாருங்க, பழமொழிய அப்படியே சொல்லாம, நடந்தத நம்ப முடியாம தனக்குத்தானே கேட்டுக்கறான், அந்தத் திருப்பம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, நிஜமா நிலைச்சு நிக்குற ஒண்ணு சொல்றேன். சர் தாமஸ் மோர்னு ஒரு நாடகம், கையெழுத்துப் பிரதியா பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு, பல பேரோட கையெழுத்து அதுல இருக்கு, அதுல மூணு பக்கத்த எழுதின கைக்கு ஆய்வாளர்கள் 'ஹேண்ட் டி'ன்னு பேர் வெச்சாங்க, அது ஷேக்ஸ்பியரோட கைதான்னு பெரும்பாலும் நம்புறாங்க. 1517 மே மாசம் லண்டன்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு எதிரா நடந்த கலவரம்தான் காட்சி. கூட்டம் கொந்தளிச்சு நிக்குது, தாமஸ் மோர் அவங்ககிட்ட பேசுறாரு, நீங்க இன்னைக்கு இவங்கள அடிச்சு விரட்டி ஜெயிச்சீங்கன்னா நாளைக்கு இன்னொரு ரவுடிக் கும்பல் இதே கையோட இதே நியாயத்தோட உங்க மேல பாயும், மனுஷங்க பசி பிடிச்ச மீன் மாதிரி ஒருத்தர ஒருத்தர் தின்னுவாங்க, 'வுட் ஃபீட் ஆன் ஒன் அனதர்'.

இப்போ ஷேக்ஸ்பியரோட கோரியோலேனஸ் நாடகத்தோட முதல் காட்சிக்கு வாங்க. அங்கயும் தெருவுல கலவரம், அங்கயும் ஒருத்தன் கூட்டத்தப் பார்த்து பேசுறான், செனட் உங்கள அடக்கி வெச்சிருக்கறதாலதான் சரியா இருக்கீங்க, இல்லன்னா நீங்க 'வுட் ஃபீட் ஆன் ஒன் அனதர்'. அஞ்சு சொல், வரிசை மாறாம. சொல் மட்டும் இல்ல, சூழ்நிலையும் அதே, கலகம் பண்ற கூட்டத்துக்கு முன்னாடி ஒருத்தர் நின்னு ஒழுங்கு போயிட்டா என்ன ஆகும்னு சொல்ற இடம். இத ஆர். டபிள்யூ. சேம்பர்ஸ்ங்கற ஆய்வாளர் 1923லயே எழுதிட்டாரு, கம்ப்யூட்டர் வாசனையே இல்லாத காலத்துல. இன்னொண்ணும் இருக்கு, மோர் பேச்சுல ரவுடிங்க பாயறதுக்கு 'ஷார்க்'ங்கற மீன் பேரையே வினைச்சொல்லா போட்டிருக்கு. ஹேம்லெட் முதல் காட்சில நார்வே இளவரசன் ஃபோர்டின்பிராஸ் சட்டத்துக்கு அடங்காத ஆளுங்கள அங்கங்க வாரிச் சேர்த்தான்னு சொல்ற இடத்துலயும் அதே 'ஷார்க்' வினைச்சொல்லா வருது.

கிங் லியர் நாடகத்துலயும் இந்த நினைப்பு தொடருது, மனுஷ குலம் ஆழ்கடல் ராட்சசங்க மாதிரி தன்னைத்தானே வேட்டையாடித் தின்னும்னு ஆல்பனி சொல்றான். இதுல ஒரு சிக்கல் கவனிக்கணும், அந்த வரி 1608ல இந்த நாடகம் மட்டும் தனிப் புத்தகமா வந்த குவார்ட்டோ பதிப்புல இருக்கு, 1623ல நாடகங்கள சேர்த்துப் பெருசா அச்சான ஃபோலியோ தொகுப்புல இல்ல. ஃபோலியோவ மட்டும் வெச்சுத் தேடினா இது கிடைக்கவே கிடைக்காது. ரெண்டையும் போட்டுத் தேடினா லியரும் லியரும் ஒத்துப்போகுதுன்னு பக்கம் பக்கமா வரும். எந்தப் பதிப்ப எடுக்குறோம்ங்கறதுலயே பாதி முடிவு ஆகிடுது. பெரிக்ளீஸ்லயும் மீனவங்க பேசிக்குற ஒரு இடம் இருக்கு, மீனுங்க கடல்ல எப்படி வாழுதுன்னு ஒருத்தன் கேக்க, கரைல மனுஷங்க வாழுற மாதிரிதான், பெருசு சின்னத முழுங்கும்னு இன்னொருத்தன் சொல்வான். அழகான இடம், ஆனா அத நான் கணக்குல சேர்க்க மாட்டேன். பெரிய மீன் சின்ன மீன தின்னும்ங்கறது எல்லா மொழிலயும் இருக்கற பழமொழி, அதுவும்போக பெரிக்ளீஸோட முதல் பாதிய ஜார்ஜ் வில்கின்ஸ் எழுதினாருன்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. கருத்து ஒத்துப்போறது வேற, அந்த அஞ்சு சொல் அப்படியே வந்து உக்கார்றது வேற.

ஒரு வரி முழுசாவே வந்து நிக்குற கேஸும் உண்டு. மூணாம் எட்வர்ட்னு ஆசிரியர் பேரே போடாம 1596ல அச்சான நாடகத்துல, அழுகிப்போன லில்லிப் பூ களையவிட மோசமா நாறும்னு ஒரு வரி வருது. அதே வரி 1609ல அச்சான சானெட் தொகுப்புல 94ஆவது சானெட்டோட கடைசி வரி. அதே நாடகத்துல வர்ற 'ஸ்கார்லெட் ஆர்னமென்ட்ஸ்'ங்கற சொற்கள் 142ஆவது சானெட்ல திரும்ப வருது. இப்போ அந்த நாடகத்தோட ஒரு பகுதிய ஷேக்ஸ்பியர்தான் எழுதினாருன்னு பல பதிப்புகள்ல சேர்த்துட்டாங்க. எனக்கும் அந்தக் காட்சிகளப் படிச்சா சந்தேகமே வரல. ஆனா வரி ஒத்துப்போறத மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, ஒருத்தர் வரிய இன்னொருத்தர் எடுக்கறது அப்போ சர்வசாதாரணம், அதே காலத்து நாடகாசிரியர் மார்லோவோட வரிய ஷேக்ஸ்பியரே ஆஸ் யூ லைக் இட்ல அப்படியே மேற்கோளா போட்டிருக்காரு.

இதுல கவனமா இல்லன்னா என்ன ஆகும்னு ஒரு சம்பவம் இருக்கு. 1612ல டபிள்யூ. எஸ். னு மட்டும் போட்டு அச்சான ஒரு இரங்கல் பாட்டு, அத ஷேக்ஸ்பியர் எழுதினதுன்னு டொனால்ட் ஃபாஸ்டர்ங்கற பேராசிரியர் அரிய சொற்கள எல்லாம் கணக்குப் பண்ணி வாதாடினாரு, 1990கள்ல பெரிய செய்தி ஆச்சு, சில தொகுப்புகள்லயும் சேர்த்தாங்க. அப்பறம் ஜில் மான்சராங்கற ஆய்வாளரும் பிரையன் விக்கர்ஸும் ஜான் ஃபோர்டுங்கற நாடகாசிரியரோட எழுத்தோட அத ஒப்பிட்டாங்க, அங்க சொல்லுக்குச் சொல் பொருந்துச்சு, 2002ல ஃபாஸ்டரே ஒத்துக்கிட்டாரு. ஷேக்ஸ்பியர்கிட்ட இருக்கான்னு மட்டும் தேடினா போதாது, வேற யார்கிட்டயும் இல்லையான்னும் தேடணும், ரெண்டாவது வேலைதான் பெரிய வேலை. அந்தக் காலத்துப் புத்தகங்கள் ஆயிரக்கணக்குல இப்போ எழுத்தாவே இலவசமா கிடைக்கறதால அது நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் முடியுற காரியமா ஆகிடுச்சு, என்ன, அந்தக் கால ஸ்பெல்லிங் ஒரே சொல்லுக்கு நாலு விதமா இருக்கும், அத சமாளிக்கணும்.

மெஷின் கண்ணுல படாத எதிரொலிதான் எனக்கு எல்லாத்தையும்விட உசத்தி. 1794லயே வால்ட்டர் வைட்டர்னு ஒருத்தர் கவனிச்சது, அப்பறம் 1935ல கரோலின் ஸ்பர்ஜன் விரிவா எழுதினது. ஷேக்ஸ்பியருக்கு முகஸ்துதி பண்றவங்க ஞாபகம் வந்தா கூடவே நாயும் இனிப்பும் உருகறதும் நக்கறதும் சேர்ந்தே வந்துடுது. ஜூலியஸ் சீசர்ல சீசர், முட்டாள்கள உருக்குற இனிப்பு வார்த்தையும் ஸ்பானியல் நாய் மாதிரி குழையறதும் என்கிட்ட வேகாதுன்னு சொல்றான். ஹேம்லெட் ஹொரேஷியோகிட்ட பேசும்போது சர்க்கரை பூசின நாக்கு ஆடம்பரத்த நக்கட்டும், லாபம் வர்ற இடத்துல முழங்கால மடக்கட்டும்னு சொல்றான். ஆன்டனி அண்ட் கிளியோபாட்ராவுல ஆன்டனி தோத்துப்போன பிறகு சொல்றான், என் கால் பின்னாடியே ஸ்பானியலா சுத்தின மனசெல்லாம் இப்போ இளகி, பூத்துக் குலுங்குற சீசர் (இது ஜூலியஸ் இல்ல, ஆக்டேவியஸ் சீசர்) மேல தன் இனிப்ப உருக்கி ஊத்துதுன்னு. மூணு இடத்துலயும் நாலு சொல் வரிசையா ஒத்துப்போகல, அதனால கம்ப்யூட்டர் கோட் ஒண்ணும் காட்டாது. ஆனா அந்த மனசுக்குள்ள இந்த நாலஞ்சு விஷயமும் ஒரே முடிச்சா கட்டிக் கிடந்திருக்கு, ஒண்ண இழுத்தா மத்தது தானா வருது. அவருக்கே இது தெரிஞ்சிருக்குமான்னு யோசிச்சா ஆச்சரியமா இருக்கு.

கை கழுவறதும் அப்படித்தான். ரெண்டாம் ரிச்சர்ட் சொல்றான், முரட்டுக் கடல்ல இருக்கற தண்ணி அத்தனையும் சேர்ந்தாலும் அபிஷேகம் ஆன ராஜா மேல பூசின தைலத்தக் கழுவ முடியாதுன்னு. ஹேம்லெட்ல கிளாடியஸ் அண்ணன் ரத்தம் படிஞ்ச கையப் பார்த்து, இத பனி மாதிரி வெளுக்க வானத்துல மழையே இல்லையான்னு கேக்குறான். மெக்பெத் கொலைய முடிச்சுட்டு வந்து, கடல் தேவன் நெப்டியூனோட சமுத்திரம் முழுக்கவும் இந்தக் கைய சுத்தம் பண்ணுமா, இல்ல, இந்தக் கைதான் கடல் எல்லாத்தையும் சிவப்பாக்கிடும்னு சொல்றான். முதல் தடவ ராஜாவோட புனிதத்தக் கழுவ முடியாதுன்னு பெருமையா சொன்னது, கடைசில ராஜாவ கொன்ன கறையக் கழுவ முடியாதுன்னு வந்து நிக்குது. 'வாஷ்'ங்கற ஒரு சொல்லத் தவிர பொதுவா எதுவும் இல்ல. இத நாடகங்கள எழுதப்பட்ட வரிசைல மெதுவா படிச்சுட்டு வந்தாதான் பிடிபடும்.

ஹேம்லெட்ல 'ரெடினெஸ் இஸ் ஆல்', லியர்ல 'ரைப்னெஸ் இஸ் ஆல்'. ரெண்டும் அஞ்சாவது அங்கம் ரெண்டாவது காட்சி. சாவுக்குத் தயாரா இருக்கறதுதான் எல்லாம்னு ஹேம்லெட் சொல்றான், பழுத்து உதிர்ற நேரம் வரைக்கும் பொறுத்திருக்கறதுதான் எல்லாம்னு எட்கர் குருட்டு அப்பாகிட்ட சொல்றான். இத சொல்லிட்டாலே போதும், விளக்கவே வேணாம்.

இப்போ என்ன உறங்க விடாம பண்றது மழைப் பாட்டு. ட்வெல்ஃப்த் நைட் முடிவுல எல்லாரும் போன பிறகு ஃபெஸ்டேங்கற கோமாளி தனியா நின்னு பாடுறான், காத்தும் மழையும், தினம் தினம் மழை பெய்யுதேன்னு பல்லவி. லியர்ல வெட்டவெளில புயல்ல ராஜா நனைஞ்சு பித்துப்பிடிச்சு நிக்கும்போது அவரோட கோமாளி அதே பல்லவிய எடுத்துப் பாடுறான். 1599 வாக்குல ஷேக்ஸ்பியரோட நாடகக் குழுவ விட்டு வில் கெம்ப்ங்கற கோமாளி நடிகர் போன பிறகு ராபர்ட் ஆர்மின்னு ஒரு நடிகர் வந்தாரு, பாடத் தெரிஞ்ச கோமாளி, ஃபெஸ்டே வேஷம் அவரோடதுன்னு பொதுவா ஏத்துக்கறாங்க, லியர் கோமாளியும் அவரேதான்னு பல பேர் நம்புறாங்க. அது சரின்னா, அன்னைக்கு கூட்டத்துல ரெண்டையும் பார்த்தவங்க அதே குரல்ல அதே பாட்ட ரெண்டாவது தடவ கேட்டிருப்பாங்க. முன்னாடி கல்யாணக் கதை முடிஞ்சு பாடின பாட்டு, இங்க வீடு இல்லாத ஒரு கிழவனுக்கு.

அதனால இப்போ ஃபைல்கள நாடகம் நாடகமா பிரிக்காம நடிகர் வாரியா பிரிச்சுட்டு இருக்கேன். அந்தக் குழுவோட முக்கிய நடிகர் ரிச்சர்ட் பர்பேஜ் 1619ல செத்தப்போ எழுதின இரங்கல் பாட்டுல ஹேம்லெட், லியர், ஒத்தெல்லோ மூணும் அவரு போட்ட வேஷம்னு வருது. அந்த மூணு பேர் பேசுறத மட்டும் தனியா எடுத்து ஒண்ணோட ஒண்ணு ஓட்டிப் பார்க்கணும், ஆர்மின் வேஷங்கள இன்னொரு பக்கம். ஒரு வரி மறுபடி வர்றது எழுதினவரு ஞாபகத்துலருந்தா, இல்ல நடிச்சவரு குரல் காதுல கேட்டுக்கிட்டே எழுதினதாலயான்னு அதுல ஏதாவது தெரியுதான்னு பார்க்கறேன். பேச்சையும் பேரையும் பிரிக்கற வேலை இன்னும் பாதிலதான் நிக்குது, லியர் மட்டும் ரெண்டு பதிப்பாவும் தனித்தனியா பண்ண வேண்டியிருக்கு.